வெட்டிய மரம் விட்டுப்போன நிழல்

மரத்தை வெட்டி, கிளைகளை அரைத்து, தூரையும் தோண்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலையிலும் அதன் நிழல் போட்ட இடத்திலேயே கிடந்தது. கிளை கிளையாக, இலை இலையாக, காற்றடித்தால் ஆடிக்கொண்டு, வெயில் ஏற ஏறச் சுருங்கி, சாயச் சாய நீண்டு, மரம் இருந்தபோது என்னென்ன செய்ததோ அத்தனையையும் ஒன்று விடாமல் செய்துகொண்டு கிடந்தது. முதலில் பார்த்தவள் தபால்காரி ரோசல்பா. அவள் எப்போதும்போல வண்டியை அந்த நிழலில் கொண்டுவந்து நிறுத்தி, மதியச் சாப்பாட்டைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து, "ஓ, வெட்டிட்டாங்களா," என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். அரிசோனாவில் நிழல் கிடைத்தால் உட்காருவார்களே தவிர, நீ எங்கிருந்து வந்தாய் என்று அதை யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்தக் குடியிருப்பின் பெயர் கோல்டன் ப்ரூக். ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தை மட்டம் தட்டிக் கட்டிய வீடுகள். பெயரில்தான் ஓடை, சுற்றுவட்டாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தானாக ஓடி யாரும் பார்த்ததில்லை. வீடுகளெல்லாம் ஒரே மண் நிறம், வேறு நிறம் அடிக்கக் கூடாது என்பது அசோசியேஷன் விதி. வாசலில் புல் இருக்க வேண்டும், அது பச்சையாகவும் இருக்க வேண்டும், வாடினால் நோட்டீஸ் வரும். கருகிப்போன புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கவே ஆட்கள் இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில், யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், வீடுகள் வருவதற்கு முன்பிருந்தே தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது அந்த மெஸ்கீட் மரம் ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். நெற்றுக் கொட்டுகிறதாம், கார் மேலெல்லாம் பிசுபிசுக்கிறதாம், வேர் நடைபாதையைத் தூக்குகிறதாம்.

வெட்டக் கூடாது என்று கூட்டத்தில் எழுந்து பேசியவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். ஊர் விருதுநகர்ப் பக்கம். தோட்டம் வடிவமைப்பது அவள் தொழில்; எந்தச் செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடும், எங்கே பள்ளம் பறித்தால் தேங்கும் என்று பார்த்துப் பார்த்துப் படம் போட்டுக் கொடுப்பாள். ஆனால் அன்று அவள் தொழிலுக்காகப் பேசவில்லை, மகளுக்காகப் பேசினாள். எட்டு வயது முகில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாமல் பிறந்தவள். நமக்கெல்லாம் வெயிலில் வியர்த்து உடம்பு குளிரும். அவளுக்குக் குளிராது, சூடு ஏறிக்கொண்டே போகும், கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் அந்த மரம் இருந்ததால்தான் அவள் மற்றப் பிள்ளைகளோடு நின்று, கீழே விழுந்த நெற்றுகளைப் பொறுக்கிக் காதோரம் வைத்துக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டு, பேருந்து ஏறிப் போக முடிந்தது.

அவள் கணவன் சேந்தனுக்கு இதில் ஒரு வேடிக்கை. "ஏம்மா மங்கை, இது நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளிதானே? அங்கே இதை வேரோட பிடுங்கணும்னு கோர்ட் வரைக்கும் போனாங்க. நீ இங்கே வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே."

"அங்கே அது வந்தேறி. இங்கே நாமதான் வந்தேறி," என்றாள் மங்கை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மரம் இருக்கட்டும் என்பவர்களைக் கையைத் தூக்கச் சொன்னார்கள். மங்கையின் கையோடு சேர்த்து நாலைந்து கைகள்கூடத் தேறவில்லை. மரம் போயிற்று, நிழல் தங்கிற்று.

நிழல் தங்கிவிட்டதென்று தெரிந்ததும் ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேளுங்கள். அசோசியேஷன் தலைவி டோரீன், ஓய்வு பெற்றவள், சட்டையின் காலரைக்கூட அளவெடுத்து மடிப்பவள், ஒரு வாரத்துக்குள் கூட்டம் போட்டு, நிழல் பொதுச் சொத்து, அதில் தனியார் கார் நிறுத்தக் கூடாது, நாய்கள் அசிங்கம் செய்யக் கூடாது என்று விதி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய் வந்தவர்கள் அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சனிக்கிழமை ஆளுக்கொரு பாத்திரத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவந்து கூட்டாஞ்சோறு சாப்பிட்டார்கள். ஒரு மகராசி தரையில் கிடந்த நிழலின் தண்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மத்தியானம் நிழல் நகர்ந்துபோய்ப் பொட்டு மட்டும் வெயிலில் தனியாகக் கிடந்ததைப் பார்த்து ரொம்பவும் சங்கடப்பட்டாள். வெட்டும்போது மரத்தில் ஒரு புறா கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டின் நிழலும், அதில் உட்கார்ந்திருந்த புறாவின் நிழலும்கூட அப்படியே இருந்தன. முகிலுக்கு அதுதான் பிடித்தது. மரம் போனதற்கு மூன்று நாள் அழுத பிள்ளை, புறாவின் நிழலுக்கு அரிசி போட ஆரம்பித்தாள்.

மங்கைக்கு முதலில் நெஞ்சு ஆறவில்லை. ஆனால் மகள் அந்த நிழலில் நின்றபோது அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. அதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? அவளும் ஒத்துக்கொண்டாள்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. மரமில்லாமல் நிழல் நிற்கும் என்றால் மரம் எதற்கு என்று அந்த ஊர் கணக்குப் போட்டது. தண்ணீர் வேண்டாம், சருகு பெருக்க வேண்டாம், வேர் குழாயை உடைக்காது, வெயில் மட்டும் விழாது. பாலைவனத்தில் இதைவிட உத்தமமான ஏற்பாடு உண்டா? டோரீன் ஒரு சாயங்காலம் மங்கையின் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனால் எப்படி இருக்கும், மங்கை?"

மங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோல்டன் ப்ரூக்கிலிருந்து பள்ளிக்கூடம் வரை, வீடுகளின் பின்பக்கம், இரண்டு வரிசை மதில் சுவர்களுக்கு நடுவே ஒரு நடைபாதை போகிறது. பிள்ளைகள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு போகும் பாதை. முகில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த பாதை.

"நர்சரியிலிருந்து வளர்ந்த மரங்களாக வாங்குவோம். பாதை நெடுக நடுவோம். நிழல் விழுந்ததும் எடுத்துவிடுவோம். நிழல் மட்டும் இருக்கட்டும். படம் போட உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?"

மரத்தை வெட்டுவோம் என்று டோரீன் சொல்லவில்லை, எடுத்துவிடுவோம் என்றாள். மங்கையும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அன்றிரவே படம் போட உட்கார்ந்தாள். எந்த மாதம் சூரியன் எந்தப் பக்கம் சாயும், எந்த மரத்தின் நிழல் எங்கே முடியும், அடுத்ததின் நிழல் எங்கே தொடங்கும் என்று, நடுவில் ஒரு அடி வெயில்கூட விழாதபடி, தன் தொழிலில் கற்ற அத்தனையையும் கொட்டிப் போட்டாள். அவள் வாழ்க்கையில் போட்ட படங்களிலேயே அழகான படம் அதுதான், அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

அக்டோபரில் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் மரங்கள் வந்தன. மெஸ்கீட், பாலோ வெர்டி, வில்லோ, எல்லாம் நன்றாக வளர்ந்த பிள்ளைகளைப்போல வந்து இறங்கின. கான்கிரீட் இறுகக் காத்திருப்பதுபோல ஒரு வாரம் நிற்கவைத்தார்கள், நிழல் தரையில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. பிறகு ரம்பம் வந்தது. அறுத்தவர்கள் அறுத்துக்கொண்டே போனார்கள், பின்னாலேயே பிள்ளைகள் நிழலில் சைக்கிள் விட்டுக்கொண்டு வந்தார்கள். இதைப் பார்த்த வீட்டுக்காரர்களும் தங்கள் கொல்லையில் நின்ற மரங்களை ஆள் வைத்து வெட்டினார்கள். மங்கையின் வீட்டுப் பின்புறம் நின்ற பாலோ வெர்டியைச் சேந்தன் ஆள் விட்டு வெட்டினான். "எல்லாரும் வெட்டியாச்சு, நாம மட்டும் என்னத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு?" என்றான். மங்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தண்ணீரில்லாப் பசுமை என்று கோல்டன் ப்ரூக்குக்கு விருது கொடுத்தார்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வந்து நிழலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முகில் நடந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு சிநேகிதிகளோடு, ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு, எந்த அவசரமும் இல்லாமல், நின்று, செருப்பில் மண்ணைத் தட்டி, கதை பேசி, தன் காலால் தானே நடந்து பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வந்து, "அம்மா, இன்னைக்கு நான் லேட்டா வந்தேன், தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னாள். மங்கை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

அடுத்த கோடையில் புறாவின் நிழல் காணாமல் போனது. கூட்டின் நிழல் இருந்தது, புறா இல்லை. "பறந்து போச்சும்மா," என்றாள் முகில். மங்கை குனிந்து பார்த்தாள். பழைய மெஸ்கீட்டின் நிழலில் சல்லடைபோலப் பொத்தல் பொத்தலாக வெயில் விழுந்திருந்தது. அவளுக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் காணாத எதுவும் எத்தனை நாளைக்கு நிற்கும் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் சொன்னால் பாதையை மூடுவார்கள், பிள்ளை மறுபடி ஜன்னலுக்குத் திரும்ப வேண்டும். வெயிலுக்கு இலை உதிர்க்கிற பருவம், சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிழலுக்கு எங்கேயடி பருவம், என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதையும் அடக்கிவிட்டாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரிக்கு மேல் நின்ற ஒரு பிற்பகலில், பள்ளி விட்டுப் பிள்ளைகள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், தெருமுனையில் கிடந்த பழைய மெஸ்கீட்டின் நிழல் எழுந்தது. கொடியில் காயும் துணியை உருவுவதுபோலத் தரையிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பாமல் தன் போக்கில் தெருவைக் கடந்து, சுவரேறி, வறண்டு கிடந்த ஆற்றுப் படுகையைப் பார்த்து நடந்தது. முதல் ஆடு கிளம்பினால் மந்தை நிற்குமா? கொல்லை நிழல்கள் கிளம்பின, பாதையோர நிழல்கள் கிளம்பின, மெஸ்கீட், பாலோ வெர்டி, வில்லோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சத்தமும் இல்லாமல், பின்னால் ஒரு சூடான காற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

மங்கை சமையலறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தாள். அடுப்பைக்கூட அணைக்கவில்லை. ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினாள். கார் போகாத பாதை. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில், ஒரு கதவு கிடையாது. அந்தச் சுவர்களை ஒட்டித்தான் அவள் அத்தனை அழகாகப் படம் போட்டிருந்தாள். பாதையின் நட்டநடுவே முகில் உட்கார்ந்திருந்தாள். சிநேகிதிகள் இருவரும் தங்கள் பாட்டிலில் இருந்த தண்ணீரை அவள் தலையில் ஊற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். முகம் செக்கச்செவேலென்று, தொட்டால் சட்டியைத் தொட்டதுபோல இருந்தது.

"அம்மா, நிழல் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு," என்றாள்.

மங்கை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. ஈரத் துண்டு அதற்குள் உலர்ந்து மொடமொடவென்று நின்றது. அவள் மகள் மேல் கவிழ்ந்துகொண்டு, யாரைக் கூப்பிடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். "ஐயோ யாராவது வாங்களேன்! என் பிள்ளை போகுதே!"

மதில்மேல் ஒரு தலை தெரிந்தது. டோரீன், ஏணி போட்டு ஏறியிருந்தாள். அடுத்த நொடியில் தலை மறைந்து, ஐஸ் நிறைந்த பெட்டி ஒன்று சுவர்மேல் வந்தது, அதற்குப் பின்னாலேயே அறுபத்தெட்டு வயசு டோரீனும் வந்து, பொத்தென்று இந்தப் பக்கம் விழுந்து, எழுந்து நொண்டினாள். அந்தச் சுவர், இந்தச் சுவர் என்று எல்லாச் சுவர்களிலும் தலைகள் முளைத்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், பாதை முனையில் வண்டி நுழையாதபடி நட்டிருந்த கம்பங்களில் அது மாட்டிக்கொண்டது. குடை விரித்தார்கள், நிழல்கள் இழுத்துக்கொண்டு போன காற்று இன்னும் நிற்கவில்லை, குடைகளைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. வண்டியை விட்டு இறங்கி ஓடிவந்த மருத்துவ ஊழியர், "இப்போ நகர்த்த வேண்டாம், முதல்ல சூடு இறங்கணும், வெயில் படக் கூடாது," என்றார்.

டோரீன்தான் முதலில் நின்றாள். மேற்குப் பக்கமாகப் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நிழல் முகிலின் முகத்தில் விழுந்தது. ரோசல்பா தபால் வண்டியை நடுத்தெருவில் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பொட்டு வைத்த மகராசி நின்றாள், மரத்தை வெட்டக் கை தூக்கியவர்கள் நின்றார்கள், பெயர் தெரியாதவர்கள் நின்றார்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் நிழல்மேல் ஒருவர் நிழலை அடுக்கி, வெயில் சாயச் சாயத் தாங்களும் நகர்ந்து நின்றார்கள். மங்கை மகளின் நெற்றியில் ஐஸை வைத்தபடி அந்த நிழலுக்குள் மண்டியிட்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து முகில் கண்ணைத் திறந்து, "இருட்டா இருக்கு," என்றாள். அப்புறம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நின்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். காலை எடுத்து வைத்தார்கள். நிழல் அவர்களோடு வரவில்லை. அது அங்கேயே, தலைகளும் தோள்களும் கலந்து, ஒரு பெரிய மரத்தின் அளவுக்குப் பாதையில் கிடந்தது. மங்கையுடையதும் அதில்தான் இருந்தது. டோரீன் திரும்பிப் பார்த்து, "சரி, இருக்கட்டும். அதுக்கு வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

நிழலில்லாமல் வாழ்வதும் பழகிப்போயிற்று. ரோசல்பாவைப் பார்த்து நாய்கள் முன்னைவிட அதிகமாகக் குரைத்தன. கடையில் வரிசையில் நிற்கும்போது வெளியூர்க்காரர்கள் தரையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சேந்தன் அன்று வேலையிலிருந்து ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, அதனால் அவனுக்கு மட்டும் நிழல் மிச்சம். அதை இழுத்துக்கொண்டு நடப்பது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போய் அந்தப் பாதையில் நெடுநேரம் நின்று, நிழலை அங்கேயே விட்டுவிட்டு வெறுமனே திரும்பி வந்தான்.

அந்த நிழலும் நிற்காது என்று மங்கை இந்தத் தடவை வாயைத் திறந்து சொன்னாள். கூட்டத்தில் எழுந்து, தனக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யாரும் ஏசவில்லை. அது ஏசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். அதற்குள் உண்மையான மரம் ஒன்றாவது வர வேண்டும். முகில் தன் அலமாரியிலிருந்து கிலுகிலுப்பை நெற்றுகளை எடுத்து வந்தாள். பழைய மெஸ்கீட்டின் மிச்சம் உலகத்தில் அவ்வளவுதான். அந்த விதைகளை மனித நிழலின் ஓரத்தில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் போட்டார்கள். குளிக்கும்போது வெந்நீர் வருகிறவரை வீணாகப் போகிற தண்ணீரை வாளியில் பிடித்து, வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒன்றே ஒன்று முளைத்தது. வாசல் புல்லெல்லாம் வாடிற்று. நோட்டீஸ் வரவில்லை, நோட்டீஸ் எழுதுகிறவள் வாளி தூக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த செப்டம்பரில் முதல் நிழல் எழுந்தது. செடிக்கு நேரே மேற்கில் கிடந்த டோரீனுடையது. அன்று அவள் முறை, வாளியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னோடது கிளம்புது பாருங்க, மங்கை," என்றாள், பஸ் ஏற்றிவிட வந்தவள்போலக் கையைத் தூக்கி ஆட்டினாள். அந்த நிழல் நொண்டாமல் நடந்து ஆற்றுப் படுகைப் பக்கம் போயிற்று. அது கிடந்த இடத்தில் ஆள் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்து, அதன் வழியே பிற்பகல் வெயில் வந்து செடிமேல் பட்டது. இடுப்புயரம்கூட வராத மெஸ்கீட், வெயில் பட்டதும் தரையில் தன் சொந்த நிழலைப் போட்டது. ஒரு தோசைத் திருப்பி அளவு இருக்கும்.

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு செடியைப் பார்க்க வந்த முகில் நின்றாள். செருப்பைக் கழற்றி, வலது காலை அந்த நிழலில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு கால்தான் பிடிக்குது."

இடது கால் வெயிலில் இருந்தது. மங்கை பழக்கதோஷத்தில் சட்டென்று மேற்குப் பக்கம் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றாள். வெயில் அவள் வழியாக வந்து மகளின் காலில் விழுந்தது. அவள் நகர்ந்து நின்றாள், கையை விரித்துப் பிடித்தாள், அப்போதும் விழுந்தது. முகில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

மங்கை டோரீனின் கையிலிருந்த வாளியை வாங்கி, பாதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள், மீதியை அந்தக் காலில் ஊற்றினாள்.